பங்குனி ஆமை: முட்டையைக் காப்பதா, முட்டையிட வருபவளைக் காப்பதா?

#1 கரைநடை (இழையைத் தொடங்கியவர்)

நேற்று முன்தினம் அதிகாலை மூன்று மணிக்கு நாங்கள் ஆறு பேர் நீலாங்கரையிலிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்தோம். டிராக்டர் சக்கரம் உருண்டு போனதுபோல ஈர மணலிலிருந்து மேட்டுக்கு ஏறும் தடத்தைத்தான் எப்போதும் தேடுவோம். அன்று தடம் எதுவும் இல்லை. அலை வந்து திரும்பும் இடத்தில் பங்குனி ஆமையே (ஆலிவ் ரிட்லி கடலாமை) கிடந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வாலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு முட்டை பாதி வெளியே வந்து நின்றிருந்தது. எங்களோடு முதல்முறையாக வந்த கல்லூரி மாணவி அதைப் பார்த்துவிட்டுத் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இது எனக்கு ஆறாவது பருவம். ஒவ்வோர் ஆண்டும் பங்குனி முடிவில் எத்தனை கூடு எடுத்தோம், எத்தனை குஞ்சு விட்டோம் என்று கணக்குச் சொல்கிறோம். செய்தித்தாளில் படம் வருகிறது. 2024-ல் தமிழகக் கரையிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்குப் போயின. எல்லோரும் மகிழ்ந்தோம். அடுத்த ஜனவரியில், சென்னையிலும் செங்கல்பட்டுக் கரையிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று.

ஆயிரம் குஞ்சுக்கு ஒன்றுதான் வளர்ந்து கரைக்குத் திரும்பும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தோராயக் கணக்குதான், இருந்தாலும் போட்டுப் பாருங்கள். இரண்டு லட்சம் குஞ்சில் திரும்புவது இருநூறு. ஒரே மாதத்தில் கரையில் கிடந்தவை ஆயிரத்துக்கு மேல். கரைக்கு வராமல் நடுக்கடலிலேயே மூழ்கியவை இந்தக் கணக்கில் இல்லை.

முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பகத்தை மூடச் சொல்லவில்லை. ஆனால் நம் கைகள், நம் இரவுகள், நம் பணம் எல்லாம் முட்டைக்கே போகின்றன. சாவு கடலில், விசைப்படகுகள் இழுக்கும் மடி வலைகளில் நடக்கிறது. சரியான இடத்தில்தான் நிற்கிறோமா என்று உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

#2 பழையகரை

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கணக்கை நீங்கள் தொடங்கிய இடத்திலிருந்து தொடங்கக் கூடாது.

நான் நடக்கத் தொடங்கியது 1990-களில். சென்னையில் ஆமை நடை 1970-களிலேயே ஆரம்பித்துவிட்டது. மாணவர்கள் அமைப்பாகத் திரண்டு அதைக் கையில் எடுத்தது 1988-ல். அந்தக் காலத்தில் தடம் பார்த்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கூட்டைத் தோண்டி முட்டையை எடுத்துப் போயிருப்பார்கள். மிச்சம் இருப்பதை நாய் கிளறியிருக்கும். விடியும்போது மணல் முழுக்கச் சுருண்ட தோல் கிடக்கும். ஒரு பருவத்தில் நாங்கள் கண்ட கூடுகளில் பாதிக்கு மேல் வெறும் குழிதான். அன்றைக்குப் பொரிப்பகம் இல்லையென்றால் இந்தக் கரையிலிருந்து ஒரு குஞ்சும் கடலைப் பார்த்திருக்காது.

முட்டை திருடுகிறவன் இன்று அநேகமாக இல்லை. நாய்கள் கூடியிருக்கின்றன, விளக்குகள் நூறு மடங்கு கூடியிருக்கின்றன. குஞ்சு மணலிலிருந்து வந்ததும் வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே போகும். இருட்டான கரையில் அது கடல்தான், அலையின் மேல் வானம் மின்னும். நம் கரையில் அது சோடியம் விளக்கு. சாலையில் நசுங்கிக் கிடந்த குஞ்சுகளை என் கையால் பொறுக்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் கூட்டை அங்கேயே விட்டுவிடு என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இன்று விசைப்படகு, மடி என்று பேசும் உங்களைப் போன்றவர்கள் இந்தப் பிரச்சினைக்குள் வந்தது எந்த வழியாக? முதல் இரவில் ஒரு கூட்டில் கை விட்டு, மேசைப்பந்து அளவில் மெத்தென்று ஒரு முட்டையைத் தொட்டதால்தானே?

#3 எண்ணும்எழுத்தும்

கரைநடை அக்கா கேட்ட கேள்விக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. என் படிப்பு இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1987-ல் டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் என்ற மூவர், அமெரிக்கக் கிழக்குக் கரையின் பெருந்தலை ஆமைகளைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார்கள். முட்டை, குஞ்சு, சிறியது, ஓரளவு வளர்ந்தது, முட்டையிடுவது என்று வாழ்க்கையைப் படிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படியிலும் சாவைக் குறைத்தால் மொத்த எண்ணிக்கை என்ன ஆகும் என்று பார்த்தார்கள். முட்டைகள் நூற்றுக்கு நூறு பிழைத்தாலும் அந்தக் கூட்டம் தேய்ந்துகொண்டே போகும் என்று வந்தது. ஓரளவு வளர்ந்த ஆமைகளின் சாவைக் குறைத்தபோது ஏறியது. அதுவரை பாதுகாப்பு என்றால் கூடுகளுக்கு வேலி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மடியில் சிக்கும் ஆமை வெளியேற வழிவிடும் டெட் (TED) கருவி கட்டாயம் என்று அமெரிக்கா விதி கொண்டுவந்ததும் அதே காலத்தில்தான்.

காரணம் எளிது. பங்குனி ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் நண்டு, பறவை, மீன், சுறா எல்லாவற்றையும் தாண்டியிருக்கும். அவ்வளவையும் தாண்டிய ஒன்று செத்தால், அதற்குப் பின்னால் இருந்த ஆயிரம் குஞ்சுகளின் செலவும் சேர்ந்து போகிறது.

ஆனால் பழையகரை ஐயா சொல்வதும் பொய்யில்லை. நம் ஆமைக்கு மிக நெருங்கிய உறவு கெம்ப் ரிட்லி ஆமை. அநேகமாக மெக்சிகோவின் ரேஞ்சோ நுவேவோ என்ற ஒரே கரையை நம்பியிருக்கிறது. 1947-ல் அங்கே ஒரே நாளில் ஏறத்தாழ 40 ஆயிரம் ஆமைகள் ஏறியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். முட்டைக் கொள்ளை அதை அழித்தது. 1966 முதல் மெக்சிகோ கரையைக் காத்தது. அப்படியும் 1985-ல் மொத்தம் 702 கூடுகள்தான். மடிகளில் டெட் கருவி வந்த பிறகே எண்ணிக்கை ஏறி, அடுத்த கால் நூற்றாண்டில் 20 ஆயிரம் கூடுகளைத் தாண்டியது. 2010-க்குப் பிறகு அந்த ஏற்றமும் தடுமாறிவிட்டது, அது வேறு கதை. கரைக்காவல் அந்த இனத்தை அடியோடு போகவிடாமல் பிடித்துவைத்தது. ஏற்றிவிட்டது கடலில் செய்த மாற்றம்.

#4 புதியவள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு எட்டு வயது. குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகலாம் என்று இருந்தேன். இதையெல்லாம் படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது. அது தவறா?

#5 பழையகரை

தவறே இல்லை, அழைத்து வாருங்கள். ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். குஞ்சு மேலே வந்ததும் அதன் உடலில் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒரு வேகம் இருக்கும். நிறுத்தாமல் நீந்தி, மீன்கள் மொய்க்கும் கரையோரத்தைத் தாண்டிப் போவதற்கான வேகம் அது. சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று தொட்டியில் மணிக்கணக்காக வைத்திருந்தால் தொட்டிச் சுவரை முட்டி முட்டியே அந்த வேகம் தீர்ந்துவிடும். பொரித்தவுடன் விடுகிற இடத்துக்குப் போங்கள். கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஈர மணலில் தானே நடந்து போகட்டும்.

#6 காசிமேடு_மகன்

ஒரு வாரமாக இந்தத் தளத்தைப் படிக்கிறேன். இங்கே எங்கள் ஆள் ஒருவரும் பேசவில்லை என்பதால் பெயர் பதிந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு விசைப்படகு உண்டு. அப்பா தண்டலாக (படகை ஓட்டுபவராக) இருந்து வாங்கியது. நானும் கடலுக்குப் போகிறேன்.

ஆமையைக் கொல்ல வேண்டும் என்று யாரும் மடி விடுவதில்லை. மடியில் ஆமை விழுந்தால் எங்களுக்கு நட்டம். ஐம்பது கிலோ எடை புரண்டு இறாலை நசுக்கும், வலை கிழியும். அப்பா காலத்தில் ஆமை ஏறினால் அதன் நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிட்டு இறக்கிவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

டெட் கருவியைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறீர்கள்? எங்களுக்குக் காட்டினார்கள். நல்ல யோசனைதான். மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிக்கு நடுவே உள்ளே போகும், ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள வாய் வழியாக வெளியே போகும். கடலில் போடும்போது நடப்பது வேறு. கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டும் பிளாஸ்டிக் முழுவதும் அந்தக் கம்பியில் போய் அடைக்கிறது. சொறி மீன் காலத்தில் சட்டம் முழுக்கக் கொழகொழவென்று மூடிக்கொள்கிறது. அப்புறம் இறாலும் மேல் வாய் வழியாகவே போகிறது. பெரிய திருக்கை ஒன்று வெளியே போனால் அன்றைய டீசல் காசு போயிற்று.

ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் எங்களுக்குக் கையில் காசு நிற்கும் காலம். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கிவிடும், 61 நாள் படகு கட்டிக் கிடக்கும். படகில் ஏறுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் இல்லையென்றால் பங்கு இல்லை. இதையும் எழுதிவிட்டு எங்களைக் குற்றம் சொல்லுங்கள்.

#7 உப்புக்காற்று

தம்பி, உன் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. நானும் கடல்காரன்தான். கோவளத்துப் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். ஆனால் நீ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

5 கடல் மைலுக்குள் இழுவை மடி கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமைக்காக மட்டும் வந்த சட்டமல்ல, எங்களுக்காகவும் வந்தது. மார்கழி, தை மாதங்களில் இரவு பத்து மணிக்கு எங்கள் ஊர்க் கரையில் நின்று பார். விளக்குகள் வரிசையாக நிற்கும். எஞ்சின் சத்தம் வீட்டுத் திண்ணைக்குக் கேட்கும். அது எத்தனை மைல் என்று நீயே சொல். போன ஆண்டு என் வலையின் மேல் ஒரு படகு மடியை இழுத்துக்கொண்டு போனது. காலையில் மிதப்புக் கட்டைகள் மட்டும் கிடைத்தன. கடனுக்கு வாங்கிய வலை. புகார் கொடுத்தேன், இன்றுவரை பதில் இல்லை.

ஆமை அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? முட்டையிடுவதற்கு முன்னால் ஆணும் பெண்ணும் கூடிக் கரைக்கு அருகில்தான் நிற்கும். ஏழெட்டுப் பாகத் தண்ணீரில் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி ஆழம்) பகலில் முதுகைக் காட்டி மிதக்கும், நாங்கள் படகைத் திருப்பிக்கொண்டு போவோம். இரவில் அதே தண்ணீரில் மடி வந்தால் அது எங்கே போகும்? கடலில் இருந்தாலும் அது மூச்சுக்கு மேலே வர வேண்டிய உயிர். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் இழுத்தால் சாகத்தான் செய்யும்.

சட்டத்தை மதித்தாலே பாதி ஆமை பிழைக்கும். கருவி, ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு.

#8 மட்டுறுத்துநர்

மேலே ஒரு பதிவில் இருந்த படகின் பதிவு எண்ணை நீக்கியிருக்கிறோம். விவாதத்தைத் தொடருங்கள். தனிப்பட்ட படகுகளையும் ஆட்களையும் அடையாளம் காட்ட வேண்டாம்.

#9 கரைநடை

உப்புக்காற்று அண்ணா, நீங்கள் இருவரும் எழுதியது ஆறு பருவங்களில் நான் கேட்காத பேச்சு. நாங்கள் நடக்கும் கரையில்தான் உங்கள் ஊர்களும் இருக்கின்றன. உங்கள் வலைகளைத் தாண்டித்தான் நடக்கிறோம். ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு யோசனை. தடைக்காலத்தையே முன்னால் நகர்த்தினால் என்ன? ஏப்ரல் 15-ல் தொடங்கும்போது பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும். சாவு குவிவது ஜனவரி, பிப்ரவரியில். அப்போது 61 நாளும் வந்தால்?

#10 காசிமேடு_மகன்

அக்கா, அதைச் செய்தால் மொத்தக் காசிமேடும் சாலைக்கு வந்துவிடும். அப்படி ஆனால் ஆமையின் பெயரைக் கேட்டாலே எங்கள் பிள்ளைகளுக்கு வெறுப்பு வரும்.

#11 எண்ணும்எழுத்தும்

அக்கா, அது மீன் வளத்துக்கும் உதவாது. கிழக்குக் கரையில் பல மீன்கள் முட்டையிடும் காலத்தை ஒட்டித்தான் அந்தத் தடை வைக்கப்பட்டது. அதை எடுத்து ஆமைக்குக் கொடுத்தால் இரண்டு ஆண்டில் மீனவர்கள் கையில் மீனும் இருக்காது.

ஒடிசாவைப் பாருங்கள். கஹிர்மாதா 1997 முதல் கடல் சரணாலயம். தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆறுகள் கடலில் சேரும் இடங்களில் 20 கிலோமீட்டர் வரை, நவம்பர் 1 முதல் மே 31 வரை ஏழு மாதம் மீன்பிடித் தடை. ஆமைகளின் பக்கம் பலன் தெரிகிறது. 2025-ல் ருஷிகுல்யாவில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டன. நம் கரையில் ஒரு பருவம் முழுக்க வருவது சில ஆயிரம் கூடுகள். ஆனால் தடையின் பாரத்தை அங்கே யார் சுமந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

#12 உப்புக்காற்று

நான் சொல்கிறேன். மீனவர் கூட்டம் ஒன்றுக்குப் போனபோது ஒடிசாவிலிருந்து வந்திருந்தவர்கள் சொல்லிக் கேட்டேன். ஏழு மாதம் என்பது பெரிய படகுக்கு இடம் மாறிப் பிடிக்கும் காலம். துடுப்புப் போட்டுக் கரையோரம் வலை விடுகிறவனுக்கு அது பட்டினி. உதவித்தொகை என்று கொடுப்பது அரிசிக்கே போதாது என்றார்கள். வனத்துறைக்குப் பயந்து சொந்தக் கடலில் ஒளிந்து மீன் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னபோது அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆமையைக் காப்பது என்றால் முதலில் எங்களைப் போன்றவர்களை விரட்டுவது என்று ஆகிவிடக் கூடாது. எங்கள் வலையிலும் ஆமை படும், மறுக்கவில்லை. திருக்கைக்கு விடும் பெருங்கண்ணி வலையை ராத்திரி முழுக்கக் கடலில் விட்டுவைத்தால் அதில் சிக்கிச் சாகும். அந்த இரண்டு மாதம் அந்த வலையை விடாமல் இருக்க எங்கள் ஊரில் பேசி முடிவெடுக்க முடியும். ஊர்க் கூட்டத்தில் சொன்னால் கட்டுப்படுவோம். சீருடைக்காரன் வந்து மிரட்டினால் நடக்காது.

#13 வடமராட்சி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் இதே விவாதம் வேறு உருவத்தில் நடந்திருக்கிறது. உங்களுக்குப் பயன்படலாம்.

தெற்கே கொஸ்கொடப் பக்கம் தனியார் பொரிப்பகங்கள் பல உண்டு. முட்டை எடுப்பவர்களிடம் விலைக்கு வாங்கிப் புதைப்பார்கள், குஞ்சுகளைத் தொட்டியில் வைத்திருந்து சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவார்கள். தொட்டியில் நாட்கணக்காக இருந்த குஞ்சு கடலில் என்ன ஆகும் என்று பழையகரை ஐயா மேலே சொல்லிவிட்டார். ஆனால் அந்த முட்டைகள் சந்தைக்குப் போய் அவிந்துவிடாமல் தடுத்ததும் அவைதான் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரெக்கவவில் 1996-ல் வேறு வழியில் தொடங்கினார்கள். முட்டை எடுத்து விற்று வாழ்ந்தவர்களையே கூலி கொடுத்துக் கூட்டுக் காவலுக்கு வைத்தார்கள். முட்டையை இடம் மாற்றாமல், ஆமை இட்ட இடத்திலேயே காவல். தடத்தைப் பார்த்து இது எந்த ஆமை, ஏறியதா திரும்பியதா என்று இருட்டில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தானே. 2006-ல் அந்தக் கரை சரணாலயமானது.

கடலைப் பற்றியும் ஒன்று. 2017-ல் இலங்கை அடிமடி இழுவையையே சட்டத்தால் தடைசெய்தது. அதைக் கேட்டுப் போராடியவர்களில் வடக்கின் சிறு மீனவர்கள் முக்கியமானவர்கள். ஆமைக்காகக் கேட்கவில்லை, தங்கள் கடலடி வழித்தெடுக்கப்படுகிறது என்று கேட்டார்கள். உங்கள் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளால் எங்கள் சனம் வலைகளை இழந்து படும் பாடும் இதோடு சேர்ந்ததுதான். உப்புக்காற்று அண்ணன் எழுதியதை வாசித்தபோது எங்கள் ஊர் ஆள் எழுதியதுபோலவே இருந்தது.

ஒடிசாவில் கருவி பொருத்திவிட்ட ஆமைகள் தமிழகக் கரையோரமாக வந்து எங்கள் கடல்வரை சேர்ந்ததைச் செய்மதி காட்டியிருக்கிறது. நீங்கள் காப்பதும் நாங்கள் காப்பதும் ஒரே ஆமையைத்தான்.

#14 எண்ணும்எழுத்தும்

அதற்கு மேலும் உண்டு, அக்கா. 2021-ல் ஒடிசாவில் அடையாளத் தகடு போட்ட ஆமை ஒன்று 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் ஏறி முட்டையிட்டது. கிழக்குக் கரை ஆமை மேற்குக் கரையில்!

காசிமேடு அண்ணனுக்கு ஒரு விடை பாக்கி. டெட் கருவியின் குறைகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். முதலில் இங்கே வந்தவை வேறு கடலுக்குச் செய்தவை. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிக்கு ஏற்றபடி கம்பிகளின் இடைவெளியை அகலமாக்கி ஒன்றைச் செய்தது. அவர்கள் சோதனையில் இறால் இழப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்ற மீன்களில் 3 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ஆனால் சோதனை நடந்த தண்ணீரில் கூவத்தின் குப்பை இருந்திருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணூருக்கும் கோவளத்துக்கும் நடுவே உங்கள் படகில், உங்கள் ஆட்களோடு, உங்கள் மடியில் கட்டிச் சோதிக்க வேண்டும். இழப்பை யாராவது ஈடுகட்ட வேண்டும். அது நியாயமான கோரிக்கை.

கருவி இல்லாதவர்களுக்கு அமெரிக்காவில் சில இடங்களில் வேறொரு வழி வைத்திருந்தார்கள். ஓர் இழுப்பு கோடையில் 55 நிமிடம், குளிர்காலத்தில் 75 நிமிடம். அதற்கு மேல் மடி தண்ணீரில் இருக்கக் கூடாது. மடியை அடிக்கடி தூக்குவது வேலைதான், டீசலும் கூடும். ஆனால் அந்த நேரத்துக்குள் தூக்கினால் ஆமை பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். மடியில் அசையாமல் வருகிற ஆமை எல்லாம் செத்தது அல்ல. தண்ணீர் குடித்து மயங்கியிருக்கும். அதை அப்படியே கடலில் தள்ளினால் உண்மையாகவே மூழ்கிச் சாகும். வயிறு கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். மல்லாத்தக் கூடாது. பின்பக்கத்துக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக மரக்கட்டையோ சுருட்டிய வலையோ வையுங்கள், நுரையீரலில் உள்ள தண்ணீர் வாய் வழியாக வடியும். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் விடுங்கள். மூக்கை மூடக் கூடாது. நான்கு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். எழுந்த பிறகு எஞ்சினை நிறுத்தி, மடி தண்ணீரில் இல்லாதபோது இறக்குங்கள்.

#15 பழையகரை

முப்பது ஆண்டில் எத்தனையோ பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். இந்த மரக்கட்டை விஷயத்தை ஒரு மீனவரிடமும் சொன்னதில்லை. முட்டையை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், திருப்பக் கூடாது, கூட்டின் அடிமணலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்திருக்கிறது. தாயைப் பிழைக்கவைக்கும் முறையைத் துறைமுகத்தில் போய்ச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

பொரிப்பகம் வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் சில இடங்களில் அதைச் சுருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். விளக்கு குறைவாக, ஊர்க்காரர்களே காவல் இருக்கத் தயாராக உள்ள கரைகளில் கூட்டை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தால் போதும். ஒரே வேலிக்குள் எல்லாக் கூட்டையும் அடுக்கும்போது சூடும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. 29, 30 டிகிரியை ஒட்டித்தான் ஆணும் பெண்ணும் பிரிகின்றன. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் பெண். பங்குனி வெயிலில் நம் வேலிக்குள் பொரிந்தவற்றில் ஆண் எத்தனை என்று யாருக்காவது தெரியுமா? அப்படி மிச்சமாகும் ஆட்களைத் துறைமுகத்துக்கு அனுப்பலாம்.

#16 கரைநடை

ஐயா, நான் போகிறேன். யார் அழைத்துப் போவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

#17 காசிமேடு_மகன்

அக்கா, பத்து நாளாக எழுதவில்லை, கடலில் இருந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் இரவு, பத்துப் பாகத் தண்ணீரில் மடி தூக்கினோம். ஐந்து மைலுக்குள்தான் இருந்தோம். மறைக்க விரும்பவில்லை. இறாலோடு இரண்டு ஆமைகள் வந்தன. இரண்டும் அசையவில்லை. பையன்கள் வழக்கம்போலத் தள்ளப் போனார்கள், நான் நிறுத்தினேன். எண்ணும்எழுத்தும் தம்பி எழுதியபடியே ஐஸ் பெட்டியின் மூடியைப் பின்பக்கம் முட்டுக் கொடுத்து, சாக்கை நனைத்துப் போட்டோம். வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. வயதான ஒருவர் தன் துண்டை நனைத்து அதன் கழுத்தில் போட்டுவிட்டு, பீடியைக்கூட மறந்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

விடியும் நேரத்தில் சிறியது தலையைத் தூக்கிப் பெரிதாக ஒரு மூச்சு விட்டது. படகில் இருந்த ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். வெயில் ஏறும்வரை வைத்திருந்து, எஞ்சினை நிறுத்தி இறக்கினோம். போய்விட்டது. பெரியது எழவே இல்லை. மறுநாள் மதியம்வரை பார்த்தோம். அதன் வயிற்றில் முட்டை இருந்திருக்கும் என்று அந்தப் பெரியவர் சொன்னார்.

அதன் பிறகு ஐந்து மைலுக்கு வெளியே போய்விட்டோம். மீன்பாடு குறைவுதான். மற்றப் படகுகள் உள்ளே வரும்போது நான் மட்டும் வெளியே நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே கோடு, எல்லோருக்கும் ஒரே காவல் என்றால் எங்கள் சங்கத்தில் பேசுவேன். கருவிச் சோதனைக்கு எங்கள் படகைத் தருகிறேன். இழப்பை எழுதிக் கொடுப்பவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் அநேகம் படகுகள் போகாது. பலர் கரையில் இருப்பார்கள். காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் வார்ப்புப் (படகு கட்டும் மேடை) பக்கம் வாருங்கள், நான் நிற்கிறேன். உப்புக்காற்று அண்ணனும் வர வேண்டும். அவர் வலை விஷயத்தை எங்கள் ஆட்கள் அவர் வாயாலேயே கேட்கட்டும்.

#18 உப்புக்காற்று

வருகிறேன் தம்பி. கோபமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்.

#19 கரைநடை

நானும் பழையகரை ஐயாவும் வருகிறோம். இறந்த ஆமையின் தேதி, நேரம், எத்தனை பாகத் தண்ணீர், மடி எவ்வளவு நேரம் கடலில் இருந்தது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள், படகின் பெயர் வேண்டாம். இதுவரை எங்களிடம் இருப்பது கரையில் ஒதுங்கிய உடல்களின் கணக்கு மட்டுமே.

முட்டுக் கொடுக்க ஒரே அளவில் அறுத்த மரக்கட்டைகள் முப்பது கொண்டுவருகிறேன்.

#20 புதியவள்

பெரியவர்கள் பேசும் இடத்துக்கு எட்டு வயதுப் பெண் வரலாமா?

#21 காசிமேடு_மகன்

வரட்டும், அக்கா. சாக்கு நனைக்கிற வேலையை அவளுக்குக் காட்டித் தருகிறேன்.